அப்பா கட்டாத வால்

கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டில் நாலு ஷட்டர் வைத்த ஜீப் பட்டறை ஒன்று இருக்கிறது. நான் கட்டினது. அதன் பின்னால் இருக்கும் கிணறும் நான் வெட்டினதுதான். நீரோட்டம் பார்க்க வந்தவர் இங்கே தண்ணீர் கிடையாது என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். இன்னும் எட்டடி பார்ப்போம் என்று கடப்பாரையோடு நானே இறங்கினேன், ஊறி வந்தது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போக மூன்று லாரி விட்டேன். அதே ஆலைக்குப் போகிற கரும்பைக் கூலிக்கு வெட்டினவர்கள் என் அப்பாவும் அம்மாவும். ஒரு கல்யாண மண்டபம் கட்டினேன். சின்ன வயதில் என்னைக் கொல்லைப்புறமாக வா என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் அதன் முன்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மொய் எழுதினார்கள். மலைக்கு ரோடு ரோடாக இல்லாத காலத்தில், ஆடு நடக்கிற தடத்தில் வெள்ளிமலைக்கு ஜீப் ஏற்றினேன். ஒரு தம்பியைப் படிக்கவைத்து ஹெட்மாஸ்டர் ஆக்கினேன். நிலம் இல்லை, சொத்து இல்லை, மாமன் மச்சான் துணை இல்லை, மூன்றாம் வகுப்புக்கு மேல் படிப்பும் இல்லை. எழுத்துக் கூட்டக் கற்றதே சுவரில் ஒட்டின சினிமா போஸ்டரைப் பார்த்துத்தான். இந்த நோட்டை நானேதான் எழுதுகிறேன். பிழை இருந்தால் இருக்கட்டும், பொய் இருக்காது. பொய் எல்லாம் முன்னாடியே சொல்லி முடித்துவிட்டேன். அதைப் பற்றித்தான் இந்த எழுத்தே.

இவ்வளவு கட்டினவனுக்கு, ஒரு வால் விஷயத்தில் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

வால் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மலையிலிருந்து இறங்கும்போது வண்டிக்குப் பிரேக் போய்விட்டால், ஒரு மரத்தைக் கிளையும் இலையுமாக வெட்டி, வண்டியின் பின்கொக்கியில் கயிறு போட்டுக் கட்டி இழுத்துக்கொண்டு இறங்க வேண்டும். மரம் தரையைப் பிறாண்டிக்கொண்டே வரும். வண்டி ஓடப் பார்க்கும், மரம் விடாது. அதுதான் வால். அந்தப் பேர் நான் வைத்தது. மலை ஜீப் டிரைவர்கள் இன்றைக்கும் அந்தப் பேரைத்தான் சொல்கிறார்கள்.

நான் வால் கட்டினது ஒரு ஐப்பசி மாதத்துக் காலையில். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்து ஊரில், கடுக்காய் பொறுக்கப் போன ஒருவரைக் கரடி கடித்துவிட்டது. தலைத்தோல் பிய்ந்து தொங்கியது. அவர் பெண்டாட்டி அவரை மடியில் போட்டுக்கொண்டு துண்டால் தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கூட அந்த ஆளின் மச்சான், என் வயதுக்காரன், கையில் கொடுவாள். இவர்களை ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் பக்கம் இறங்குகிறேன். மூன்றாவது வளைவு தாண்டினதும் பிரேக்கை மிதித்தால் கால் தரையைத் தொடுகிறது. கல் அடித்து ஆயில் பைப் அறுந்திருக்கிறது. ஃபர்ஸ்ட் கியரில் போட்டேன், மழைச் சேறு, சறுக்குகிறது. மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியை மோதி நிறுத்தினேன். பம்பர் போனது, நாங்கள் போகவில்லை.

அப்புறம் அந்த மச்சான் தொடை கனத்துக்கு ஒரு மரத்தை வெட்டினான். புளிமூட்டை கட்டுகிற கயிறு என்னிடம் இருந்தது. கொக்கியில் நான் கட்டினேன். நேர் ரோட்டில் சிக்கல் இல்லை. வளைவில்தான் எமன். வண்டி திரும்பும்போது வால் குறுக்கே வெட்டிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் போகும். அது கீழே தொங்கினால் வண்டியையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விடும். அதனால் அவன் ஒரு மூங்கில் கழியை வைத்து, ஒவ்வொரு வளைவிலும் வாலை நெம்பித் தள்ளிக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தான். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "வால், வால்" என்று கத்திக்கொண்டே இறங்கினேன். அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தோம். கரடி கடித்தவர் பிழைத்துக்கொண்டார். பல வருஷம் இருந்து வேறு நோயில் போனார், அவர் பெண்டாட்டியும் போய்விட்டாள்.

இனி சினிமாவுக்கு வருகிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மெட்ராஸிலிருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள். பர்மாவில் நடந்த வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையை வைத்துப் படம். பர்மாவுக்குப் போக முடியாது, உங்க மலை அதே மாதிரி இருக்கிறது என்றார்கள். பழைய ஜீப் வேண்டும் என்றார்கள். அது யாரிடம் இருக்கும்? என்னிடம்தான். இரண்டு ஜீப் கொடுத்து, வழி காட்டவும் நானே போனேன். எந்த வளைவில் படம் எடுக்கலாம் என்று இடம் காட்டினதும் நான்தான்.

உதவி இயக்குநர் என்று ஒரு பெண் இருந்தது. முப்பது வயது இருக்கும். எந்நேரமும் நோட்டும் கையுமாக, சண்டைக்குப் போய் வந்தவர்கள் வீடுகளைத் தேடிப் போய்க் கதை கேட்டு எழுதிக்கொண்டிருந்தது.

"ஹீரோ யாரும்மா? நெசமான ஆளா?" என்று கேட்டேன்.

"கற்பனைதாங்கய்யா. ஆனா சும்மா கற்பனை இல்ல. ஒருத்தர் நடந்த நடை, இன்னொருத்தரோட கோபம், வேற ஒருத்தர் செஞ்ச காரியம், எல்லாத்தையும் சேத்து ஒரே ஆளா ஆக்குவோம். சரித்திரப் படம்னா பெரும்பாலும் அப்படித்தான். படத்துல ஒரு கேப்டன் வந்தா, உள்ள நாலு கேப்டன் இருப்பாங்க."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பட்டறையில் நானும் அப்படித்தான் ஜீப் கட்டுவேன். இஞ்சின் ஒரு வண்டியில் கழற்றினது, கியர் பாக்ஸ் ஒன்றில், கதவு ஒன்றில். ஓடும்போது ஒரே வண்டி. ஆனால் ஆர்.சி. புக்கில் ஒரு பேர்தான் இருக்கும். அன்றைக்கு இதைச் சொல்லிச் சிரித்தேன். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் பட்டறைக்கு எதிரில் உரக்கடை வைத்திருப்பவர் ஒருவர். அவர் அப்பாவும் அந்தச் சண்டைக்குப் போனவர். காலில் குண்டு பட்டதாம், மெடல் கொடுத்தார்களாம். அந்த மெடலைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். யூரியா வாங்க வருகிறவன் எல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்தப் பெண் அவர் அப்பாவைப் பற்றி நாலு பக்கம் எழுதிக்கொண்டு, தெருவைத் தாண்டி என்னிடம் வந்தது.

"ஐயா, உங்க அப்பாவும் போனாராமே? என்ன செஞ்சார்?"

என் அப்பா சண்டையைப் பற்றி என்னிடம் சொன்னது மொத்தம் இரண்டு வார்த்தை. பையனாக இருந்தபோது, "சண்டையில இன்னா பண்ண?" என்று கேட்டேன். "சப்பாத்தி சுட்டேன்" என்றார். அவ்வளவுதான். சமையல் ஆளாகச் சேர்ந்திருக்கிறார். திரும்பி வந்து கரும்பு வெட்டினார். அப்போது எங்கள் பக்கத்தில் சப்பாத்தி தின்கிறவனும் கிடையாது, அதைப் பற்றிக் கேட்கிறவனும் கிடையாது.

அதையே அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். எழுதிக்கொண்டது. ஒரே ஒரு வரி. நோட்டை மூடப் போனது.

எதிரே பார்த்தேன். உரக்கடைக்காரர் வெளியே நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். குண்டு பட்டது அவர் அப்பா காலில். ஆட்டுகிறது இவர் காலை. என் வயிறு பற்றிக்கொண்டது. அவருக்கு நாலு பக்கம், எனக்கு ஒரு வரியா?

"இரும்மா, முக்கியமானத சொல்லல" என்றேன். "எங்கப்பா கொஞ்ச நாளு லாரியும் ஓட்டுனாரு."

அப்புறம் வாய் தானாகவே ஓடியது. என் ஜீப் பட்டாளத்து லாரி ஆனது. கரடி ஜப்பான்காரன் ஆனது. தலைத்தோல் பிய்ந்தவர் அடிபட்ட சிப்பாய்கள் ஆனார். பிரேக் போனது, மரம் வெட்டினது, வால் கட்டினது, "வால், வால்" என்று கத்தினது, எல்லாம் அப்படியே. அந்தப் பெண் பேனாவை நிறுத்தவே இல்லை. பக்கம் புரளப் புரள எனக்கு மனசு குளிர்ந்தது.

"கூட யாராவது இருந்தாங்களாங்கய்யா?"

"இல்லம்மா. தனியாத்தான்."

ஆறு பக்கம். எதிரே நாற்காலியில் கால் ஆடுவது நின்றிருந்தது. அன்றைக்கு மத்தியானம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

படம் வந்தது. கள்ளக்குறிச்சியிலேயே மத்தியான ஆட்டம், குடும்பத்தோடு போனேன். ஆரம்பத்தில் ஒரு கார்டு போட்டார்கள்: இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே. சரி, வழக்கமாகப் போடுவது என்று விட்டுவிட்டேன். இடைவேளைக்கு அப்புறம் வந்தது அந்தக் கட்டம். நான் காட்டின அதே வளைவு. ஹீரோ நடிகன் லாரியிலிருந்து குதித்து, மரத்தை வெட்டி, கட்டி, ஏறி உட்கார்ந்து, "வால் கட்டியாச்சு, வழி விடு!" என்று ஒரு கத்து கத்தினான் பாருங்கள். தியேட்டரில் விசில் அடங்க அஞ்சு நிமிஷம் ஆனது. அந்த நடிகனுக்கு உள்ளங்கையில் ஒரு காய்ப்பு இல்லை. கயிறு முடிச்சு போடுகிற லட்சணத்தைப் பார்த்தால் ஆட்டுக்குட்டிகூட அவிழ்த்துக்கொண்டு போய்விடும். அவனுக்கு விசில்.

என் வீட்டுக்காரி காதில் குனிந்தாள். "ஏங்க, இது உங்க கதையாச்சே?"

"சும்மா இரு."

"மாமா எப்பங்க லாரி ஓட்டுனாரு? அவருக்கு மாட்டு வண்டியே ஓட்டத் தெரியாதே."

"படம் பாக்க வந்தியா, பேச வந்தியா?"

கடைசியில் இன்னொரு கார்டு. இந்த நாயகன் இவர்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவன் என்று எழுதி மூன்று நாலு படம் காட்டினார்கள். உரக்கடைக்காரரின் அப்பா வந்தார். அவருக்கு அப்புறம், திரை முழுக்க, என் அப்பா. அந்தப் போட்டோ என் தம்பி வீட்டில் இருப்பது. எனக்குத் தெரியாமல் கொடுத்திருக்கிறான். கீழே "மலையில் வால் கட்டிய மாவீரர்" என்று போட்டார்கள். ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. நானும் எழுந்து நின்றேன். எழாமல் இருக்க முடியுமா? என் காரியத்துக்கு, என் அப்பாவுக்கு, நானே கைதட்டினேன். கை தட்டத் தட்ட உள்ளே எரிகிறது. அப்பாவைப் பார்த்தே பொறாமைப்பட்டவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

என் பேரும் வந்தது. வராமல் இல்லை. "ஜீப் உதவி" என்று, சாப்பாடு போட்டவர் பேருக்கும் கொசு மருந்து அடித்தவர் பேருக்கும் நடுவில், எறும்பு சைசில், படிப்பதற்குள் ஓடிவிட்டது. பேரன் போனில் நிறுத்திக் காட்டினான். இனிஷியலும் தப்பு. அதாவது அப்பாவையே மாற்றிவிட்டார்கள்.

அதோடு போயிருந்தால் விழுங்கியிருப்பேன். என் தம்பி விடவில்லை.

அவன் எலவனாசூர்கோட்டையில் ரிட்டையர் ஆகி இருக்கிறான். நான் ஜீப் ஓட்டி அனுப்பினதில் படித்தவன். நல்லவன்தான், பேச்சில் மன்னன். படம் ஓடினதும் ஒரு யூடியூப்காரன் போய் மைக்கை நீட்டினான். என் மருமகன் எனக்குப் போட்டுக் காட்டினார். தம்பி இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்து சொல்கிறான்: "அப்பா எங்களை மடியில் உட்கார வைத்து, அந்த மலைப்பாதையைப் பற்றி அடிக்கடி சொல்லுவார். வால் என்ற சொல்லை அவர் உச்சரிக்கும்போது கண் கலங்கும்." எப்படி இருக்கிறது பாருங்கள். பொய் சொன்னது நான். அதற்கு நினைவு இருக்கிறது இவனுக்கு. அப்பா எங்களை மடியில் உட்கார வைத்ததே கிடையாது. கரும்புச் சோகை அறுத்த கை, யாரையாவது தொட்டாலே எரியும் அவருக்கு.

அதற்கு அப்புறம் அவனுக்குச் சால்வை. பள்ளிக்கூடத்தில் சால்வை, கோயிலில் சால்வை, சங்கத்தில் சால்வை. நான் கட்டின மண்டபத்திலேயே அவனுக்கு ஒரு பாராட்டு விழா நடத்தினார்கள். ஃபேனும் லைட்டும் நான் போட்டது. மேடையில் அவன். முன்வரிசையில் நான், "மாவீரரின் மூத்த மகன்" என்று ஒரு வார்த்தை சொன்னார்கள், அதோடு சரி.

மலைக்குப் போனால் அங்கே இன்னும் மோசம். நான் வால் கட்டின வளைவில்தானே படம் எடுத்தார்கள்? இப்போது அதற்குப் பட்டாளத்தார் வளைவு என்று பேர் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கார் நிறுத்திப் போட்டோ எடுக்கிறார்கள். ஒரு ஆள் அங்கே டீக்கடை போட்டுவிட்டார். ஒருநாள் நானும் நின்று டீ குடித்தேன். பாண்டிச்சேரியிலிருந்து வந்தவர்கள் போல, ஒரு குடும்பம் விசாரித்துக்கொண்டிருந்தது.

"சண்ட இங்கதாங்க நடந்திச்சி" என்கிறார் டீக்கடைக்காரர். "ஜப்பான்காரன் அந்த மேட்டு மேல நின்னுக்கினு சுட்டான். பட்டாளத்தாரு இப்பிடி எறங்குனாரு."

நான் கேட்டேன், "ஜப்பான்காரன் கல்ராயன் மலைக்கா வந்தான்?"

"பின்ன? படத்துலயே இருக்குதே இந்த எடம்."

"பர்மாய்யா அது. அங்க நடந்த மாதிரி இங்க எடுத்தாங்க."

"பெரியவரே, உங்களுக்கு வெவரம் கம்மி. எங்க தாத்தாவே கண்ணால பாத்திருக்காரு."

என் சொந்த ஜீப்பின் டிரைவர் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறான். அவனுக்குச் சம்பளம் கொடுப்பது நான். அந்த வளைவில் ஒரு ஆள் நிஜமாகவே உயிரைப் பிடித்துக்கொண்டு இறங்கினான், அவன் உன் எதிரே நின்று டீ குடிக்கிறான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் நம்புவார்களா? டீயை வைத்துவிட்டு வந்தேன்.

அப்போதுதான் கேள்விப்பட்டேன், அந்த வளைவில் தம்பி கல்வெட்டு வைக்கப் போகிறான் என்று. வருகிற தை மாதம். கருங்கல் வந்து இறங்கிவிட்டது. மறுநாள் காலையிலேயே எலவனாசூர்கோட்டைக்குப் போய்விட்டேன்.

"வாண்ணா. இன்னா திடீர்னு? காபி போடச் சொல்லட்டுமா?"

"கல்லுல இன்னா எழுதப்போற, படி."

தாளை எடுத்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் படிக்கிற மாதிரி படித்தான். "பர்மாப் போர்முனையில் தன்னந்தனியாக வால் கட்டி, வீரர்களின் உயிர் காத்த எம் தந்தையார்..."

"கட்டுனது யாருடா?"

"அப்பா."

"நான்டா. கரடி கடிச்ச ஆள ஏத்திக்கினு வந்தப்போ நான் கட்டுனேன். அந்தப் பொண்ணுகிட்ட அப்பா பேர்ல சொல்லிட்டேன்."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"ஏன் அப்பிடிச் சொன்ன?"

"வயித்தெரிச்சல்ல சொன்னேன்."

"இப்ப எதுக்கு வந்து கேக்குற?"

"அதே வயித்தெரிச்சல்லதான்."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அண்ணா, உனக்குப் பட்டறை இருக்குது, மண்டபம் இருக்குது. கெணத்துச் சொவத்துலகூட உம் பேர எழுதி வச்சிக்கினு இருக்க. அப்பாவுக்குன்னு இருக்கறது இது ஒண்ணு. அதையும் புடுங்கிக்கினு போகணுமா?"

அது குத்தியது. குத்தவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

"அவரோடது இது இல்லடா. அவரு சப்பாத்தி சுட்டாரு."

"அத கல்லுல எழுத முடியுமா? பாக்கறவன் சிரிப்பான்."

"சாப்ட்டுட்டுச் சண்டைக்குப் போனவன் சிரிச்சிருக்கமாட்டான்."

தம்பி தாளை நாலாக மடித்தான். "சரி, நீதான் கட்டுனன்னு நான் நம்புறேன். ஊரு நம்பணுமே? சாட்சி யாராச்சும் இருக்காங்களா?" என்றான்.

இருந்தான். அந்த மச்சான். கொடுவாள்காரன்.

வெள்ளிமலைக்கு அப்பால் அவன் ஊருக்கு, வருஷக்கணக்காகப் போகாத ஊருக்கு, ஜீப்பை எடுத்துக்கொண்டு நானே ஓட்டிப் போனேன். வாசலில் சாமையைக் காயப்போட்டுவிட்டுக் கோழி விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "ட்ரைவரே, இன்னும் சாவலியா நீ?" என்றான்.

"நீ போ, பின்னாலயே வரேன். படம் பாத்தியா?"

"பேத்தி போன்ல காட்டுச்சி. அந்தாளு எப்பிடிய்யா தனியா எறங்குனான்? நாலாவது வளைவுலயே கவுந்திருக்கணுமே."

"சினிமாப்பா."

"சினிமான்னா மரத்துக்குத் தெரியுமா? பின்னால ஆளு இல்லாம வாலு எப்பிடித் திரும்பும்?" கோழியை விரட்டிவிட்டு என்னைப் பார்த்தான். "சொன்னது நீதான?"

"ஆமா."

"என்னிய சொல்லலியா?"

"மறந்துட்டேன்."

"நீயா மறந்த?" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னான், அதுதான் தாங்கவில்லை. மறக்கவில்லை. கூட யாராவது இருந்தாங்களா என்று அந்தப் பெண் கேட்டபோது இவன் முகம் எனக்குத் தெரிந்தது. மூங்கிலோடு சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடி வந்தது தெரிந்தது. இவனையும் சொன்னால் என் ஆறு பக்கத்தில் மூன்று பக்கம் இவனுக்குப் போய்விடுமே என்றுதான் தனியா என்றேன். எழுதிவிட்டேன், முடிந்தது.

சாட்சி சொல்ல வருவாயா என்று கேட்டேன். வருகிறேன், என் பேரும் கல்லில் இருக்க வேண்டும் என்றான்.

"இருக்கட்டும். எம் பேருக்குக் கீழ."

"ஏன், பக்கத்துல எழுதுனா கல்லு தாங்காதா?"

"வண்டி என்னோடது."

"மரம் எங்க காட்டோடது. நாங்க காட்டுல மூங்கில இழுத்துக்கினு எறங்கற மாதிரி ஒரு மரத்தக் கட்டலாம்னு சொன்னது யாரு? நாந்தான?"

அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. மரத்தைக் கட்டலாம் என்று எனக்குத் தோன்றினது, அவன் வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். இதை வைத்து அவன் வாசலில் ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். அவன் மருமகள் கூழ் கொண்டு வந்து வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் சேந்துதான எறங்குனீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கூழைக் குடித்தோம். கடைசியில் கீழே வேண்டாம், பக்கத்திலேயே இருக்கட்டும், ஆனால் முதலில் என் பேர் என்பதில் வந்து நின்றது. வால் என்று பேர் வைத்தது நான்தான் என்பதில் அவனுக்கும் தகராறு இல்லை. அவனே என் தம்பியிடம் போனில் பேசி, நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டான். தம்பி, "யோசிக்கிறேண்ணா" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். ரெண்டு வாரம் ஆகிறது, இன்னும் யோசித்துக்கொண்டேதான் இருக்கிறான்.

அதனால்தான் உட்கார்ந்து எழுதினேன். பேசினால் காற்றில் போய்விடுகிறது, எழுதினால் யாராவது படிப்பார்கள்.

படம் எடுத்தவர்களுக்குச் சொல்கிறேன். நாலு ஆளைச் சேர்த்து ஒரு ஆள் பண்ணுங்கள், அது உங்கள் தொழில். ஆனால் அந்த நாலில் ஒருத்தன் சண்டைக்கே போகாதவன், கள்ளக்குறிச்சியில் பட்டறை வைத்திருக்கிறவன், இன்னும் உயிரோடு இருக்கிறான். உங்களிடம் தப்பாகச் சொன்னது என் குற்றம், அதை ஒத்துக்கொண்டேன். டிவியில் போடும்போது அந்தக் கார்டைத் திருத்துங்கள். வால் கட்டினவர் என்ற இடத்தில் என் போட்டோ வரட்டும். என்னிடம் நல்ல போட்டோ இருக்கிறது, அனுப்புகிறேன்.

தம்பி, உனக்கும்தான். அப்பாவுக்குக் கல் வை, வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே வேண்டுமானாலும் வை, அவர் செய்ததை எழுது. அந்த வளைவில் மட்டும் வைக்காதே. அங்கே அவர் வந்ததே இல்லை. அந்த வளைவில் இரண்டு பேர் கரடி கடித்த ஒருவரை உயிரோடு கீழே இறக்கினார்கள். ஒருத்தன் பின்னால் நடந்தான், அவன் பேரை எழுது. வண்டியை ஓட்டினதும் கொக்கியில் முடிச்சு போட்டதும் நான். கல்லில் இன்னும் உளி வைக்கவில்லை என்று கேள்வி. வைப்பதற்கு முன்னால் என் பேரை அதில் எழுது, முதலில் எழுது.